உரிமையாளர்: ஜெயப்பிரகாஷ்

ஜனவரி 21, செவ்வாய்

நிசார் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நாலு நாலு பேர் கொண்ட குழு. என் பெயருக்குப் பக்கத்தில் எழிலரசி வந்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்தது கௌதம். சரி, போகட்டும், உதவி இல்லாவிட்டாலும் உபத்திரவம் இல்லாதவன். நாலாவது சீட்டைப் பிரித்தார். ஜெயப்பிரகாஷ்.

போன செமஸ்டரில் நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதியவள் நான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் நின்று பேசியவன் அவன். அவனுக்கு 92, எனக்கு 61. அப்போது நிசார் சாரிடம் போய்க் கேட்டேன். "உங்க நாலு பேர்ல யாரு எழுதினதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

ஆனால் இந்த முறை சாரே விதியை மாற்றிவிட்டார். "எல்லாரும் ஆன்லைன்ல ஒரே ஃபைல்ல எழுதணும். வேற எங்கியாவது எழுதி வந்து ஒட்டக்கூடாது. யாரு, எந்த வரிய, எந்த நேரத்துல அடிச்சீங்கன்னு அதோட ஹிஸ்டரில பதிவாயிடும். கடைசில ஒரே ஒரு தடவ அதத் திறந்து பார்ப்பேன். நூத்துக்கு நாப்பது அதுக்குத்தான்" என்றார். கை தட்டலாம் போல இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். சென்னையில் எம்.ஏ. பொருளியலுக்கு விண்ணப்பிக்க ஆசிரியர் கடிதம் வேண்டும். வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் அவர் எழுதிக் கொடுப்பாராம். "நிஜமா யாரு வேல செஞ்சாங்களோ அவங்களுக்கு." அப்படிச் சொன்னபோது என் பக்கம் பார்த்தாரா, அல்லது நானாக நினைத்துக்கொண்டேனா?

அந்தக் கடிதம் எனக்கு வேண்டும்.

ஜனவரி 22

ஜெயப்பிரகாஷ் ஃபைலை உருவாக்கி லிங்க் அனுப்பியிருக்கிறான். முதல் பக்கத்தில் அவன் பெயர் மட்டும் தடித்த எழுத்தில். இதுவரை அந்த ஃபைலில் இருப்பது அவ்வளவுதான்.

ஜனவரி 24, வெள்ளி

தலைப்பு நான் சொன்னது: ஷூ கம்பெனிகளில் பெண்களின் வேலைநிலை. ஆம்பூரில் இருந்துகொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவது? அம்மா பதினேழு வருஷமாக ஷூவின் மேல்பாகம், அப்பர், தைக்கிறாள். தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருத்தி காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறாள்.

ஜெயப்பிரகாஷ் உடனே, "எங்க மாமாவும் அங்கதான். ஆபீஸ்ல" என்றான். அவன் தாய்மாமா வீட்டில் தங்கித்தான் படிக்கிறான். பெருமாள் என்று பெயர். அம்மா வேலை செய்யும் அதே கம்பெனியில் பர்சனல் ஆபீசர், ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். "அப்படின்னா நீ போய் பேட்டி எடு" என்றேன். "நீயே எடு, நான் ஃபார்மேட் பாத்துக்கறேன்" என்றான். ஃபார்மேட்டாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கூப்பிட்டதால் வந்தார்கள், என்னை நம்பி யாரும் வரவில்லை. எழிலரசி நாட்றம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவர்கள் பேசப் பேச நான் போனிலேயே நேராக ஃபைலில் அடித்தேன். சாரின் விதி அதுதானே. எழில் வயது, சம்பளம், நேரம் எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டாள்.

ஒன்று கவனித்தேன். "சொல்லுங்கக்கா" என்றதும் ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பெயர், டோக்கன் நம்பர், உட்கார்ந்து தைக்கிற லைன் என்ற வரிசையில்தான் ஆரம்பித்தார்கள். கம்பெனியில் லீவு லெட்டரோ, காய்ச்சல் சீட்டோ, எதைக் கொடுத்தாலும் இந்த மூன்றும் முதலில் வர வேண்டும். இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். அம்மாகூட, பெற்ற மகளிடம், "சவுரியம்மாள், டோக்கன் எழுநூத்தி இருவத்தொம்போது, ரெண்டாவது லைன்" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பேரு இல்லன்னா அது செல்லாது, ஒழுங்கா எழுது" என்றாள். சொன்னபடியே அடித்தேன்.

கோவிந்தம்மாள் அக்கா பேசியது:

"கோவிந்தம்மாள், டோக்கன் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு, நாலாவது லைன். எனக்கு சுகர் இருக்குது. தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும். லைனுக்கு ஒரே ஒரு கார்டு, நாப்பது பேருக்கும் அதான். அதக் கழுத்துல மாட்டிக்கினுதான் போவணும். அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆச்சின்னா பேர எழுதிக்கிறாங்க. அதனால காலைல மிஷின்ல உக்காந்தா மத்தியான சோறு வரைக்கும் நாக்க நனைக்கிறதில்ல. டாக்டரு தண்ணி ஜாஸ்தி குடின்றாரு. டாக்டரு வந்து எங்க லைன்ல உக்காரட்டும்."

அம்மா இதையெல்லாம் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீயும் அப்படித்தானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள்.

பிப்ரவரி 6

கௌதம் இரண்டு வாரத்தில் செய்தது: என் பக்கத்தின் ஓரத்தில் "சூப்பர்" என்று ஒரு கமென்ட், பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதித் தீர்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

இன்று நூலகத்தில் சும்மா ஹிஸ்டரியைத் திறந்தேன். ஒவ்வொருவர் அடித்ததும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். நான் பச்சை, எழில் ஊதா, ஜெயப்பிரகாஷ் ஆரஞ்சு. முதல் பத்துப் பக்கம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். ஆரஞ்சாக இருக்கிறது! கோவிந்தம்மாள் அக்கா பகுதி ஆரஞ்சு. அம்மா பேசியது ஆரஞ்சு. வரி மாறவில்லை, கமா மாறவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

தேதி தேதியாகப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த நாய் ஒவ்வொரு பத்தியாக வெட்டியெடுத்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டியிருக்கிறான். வெட்டினால் என் பச்சை போய்விடுகிறது. ஒட்டினால் அவன் பெயரில் புதிதாக அடித்த மாதிரி பதிவாகிவிடுகிறது. ஒரு மத்தியானம், நாற்பது நிமிஷம், பத்துப் பக்கம். இவ்வளவு பாடுபட்டு வேலை செய்யாமல் இருக்க வேண்டுமா? அந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே டா பாவி!

நல்ல வேளை, வெட்டினதும் ஒட்டினதும்கூடப் பதிவாகியிருக்கிறது. பழைய தேதிக்குப் போனால் என் பச்சை அப்படியே இருக்கிறது. சார் கடைசி நிலையை மட்டும் பார்க்காமல் பின்னால் போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பார்ப்பார். நான் பார்க்க வைப்பேன்.

பிப்ரவரி 12

கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"எதுக்கு வெட்டி ஒட்டின?"

"ஃபான்ட் சரியா இல்ல. அலைன் பண்ணேன். உனக்கு இன்னா இப்போ?"

"பத்துப் பக்கத்துக்குமா அலைன் பண்ண?"

"இன்னா ஷர்மிளா, டீம் ஒர்க்னா இதான். உன்னுது என்னுதுன்னு பிரிச்சிப் பாக்கக்கூடாது."

கௌதம் தலையாட்டினான். அவன் ஏன் தலையாட்டினான்? ஓசியில் வருகிறவனுக்கு எல்லாம் நம்முடையதுதான். கையிலிருந்த டீயை அவன் வெள்ளைச் சட்டையில் ஊற்றியிருப்பேன், எழில்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி. ஹிஸ்டரி இருக்குது. அது போதும்" என்றாள்.

ஆமாம், அது போதும்.

பிப்ரவரி 27, வியாழன்

நிசார் சார் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் படித்தார். கோவிந்தம்மாள் அக்கா பகுதியில் ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நல்லா இருக்கு. ஆனா இந்தப் பேரு, நம்பரு, லைனு எல்லாத்தையும் எடுத்துடுங்க. அவங்க அங்கதான் நாளைக்கும் வேலைக்குப் போவணும்" என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. மத்தியானமே உட்கார்ந்து எடுத்துவிட்டேன். பெண் 1, பெண் 2 என்று பன்னிரண்டு வரை. கோவிந்தம்மாள் அக்கா இப்போது பெண் 4. அம்மா பெண் 7.

"இது யாரு எழுதினது?" என்று சார் கேட்கவில்லை. ஹிஸ்டரியை மார்ச் 20-ஆம் தேதி திறப்பாராம். அதுவரை யார் வாயாலும் கேட்கமாட்டாராம். எனக்கு அது பிடித்திருந்தது.

மார்ச் 3

கடைசி அத்தியாயமும் முடிந்தது. அந்தப் பத்துப் பக்கம் போக மீதி எல்லாம் பச்சை, எழிலின் அட்டவணைகள் மட்டும் ஊதா. இன்றைக்கு யார் மேலும் கோபம் இல்லை. அதிசயம்.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஃபைலைத் திறந்தால் ஓரத்தில் புதிதாக ஒரு கமென்ட்.

"நல்ல முயற்சி. வாழ்த்துகள். பெண் 4 எந்த லைன்?"

எழுதியவர் பெயர்: பெருமாள்.

முதலில் யாரென்றே புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஜெயப்பிரகாஷின் மாமா. ஜெயப்பிரகாஷுக்கு போன் போட்டேன். ரொம்ப சாதாரணமாகச் சொல்கிறான்: "மாமாவுக்கு லிங்க் அனுப்பிச்சேன். மேனேஜ்மென்ட் சைடும் ரெண்டு வரி சொன்னா ரிப்போர்ட் வெயிட்டா இருக்கும்ல?"

"யாரக் கேட்டு அனுப்பின?"

"யாரக் கேக்கணும்? ஃபைல் என்னுது."

எனக்கு அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. எழில் போனில் அழுகிற மாதிரி பேசினாள். "பேரத்தான் எடுத்துட்டோமே" என்று நான் சொன்னேன். அவள்தான் சொன்னாள்: "இன்னிக்கு இருக்கிற பக்கத்துலர்ந்துதான் எடுத்துருக்கோம்டி. ஹிஸ்டரில பின்னால போனா? முத நாளு நீ அடிச்சது அப்படியே இருக்கும். பேரு, டோக்கன் நம்பர், லைனு, எல்லாம்."

திறந்து பார்த்தேன். பிப்ரவரி 2, ஞாயிறு. பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில், கோவிந்தம்மாள், 1147, நாலாவது லைன். சவுரியம்மாள், 729, இரண்டாவது லைன். அடுத்த ஞாயிறையும் சேர்த்தால் பன்னிரண்டு பேரும், ஒருத்தர்கூட விடாமல். கம்பெனி கேட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமான பட்டியல் கிடைத்திருக்காது. நானே தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

என் உழைப்புக்கு எந்தச் சாட்சியை நம்பிக்கொண்டிருந்தேனோ, அதுவேதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கிற சீட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுக்க வழி உண்டா என்று எழில் ஒரு மணி நேரம் தேடினாள். ஹிஸ்டரியில் ஒரு பகுதியை மட்டும் அழிக்க முடியாதாம். அழித்தால் ஃபைலையே முழுசாக அழிக்க வேண்டும். அதையும் உரிமையாளர்தான் செய்ய முடியும். மேலே எழுதியிருக்கிறது: உரிமையாளர், ஜெயப்பிரகாஷ்.

அதே நாள், சாயங்காலம்

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"என் பேரும் அதுல கீதா?"

"இருக்குதும்மா."

"கோவிந்தம்மா சுகர்னு சொன்னதுமா?"

"எல்லாம்."

"அழிச்சா போய்டுமா?"

"போய்டும். ஆனா அதோட என் மார்க்கும் போய்டும். நான் எழுதினதுக்கு வேற அத்தாட்சி இல்ல."

"மார்க்கு எவ்ளோ?"

"நாப்பது."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அரிசி களைந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். 'அழி' என்று சொல்லியிருந்தால் அவள் மேலாவது கோபப்பட்டிருப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்கு ஜெயப்பிரகாஷை வரச் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பிற்காலத்தில் நானே மறந்துவிடக் கூடாது.

வந்ததும், "மாமாவ ஃபைல்லர்ந்து எடுத்துட்டேன், லிங்க்கயும் மூடிட்டேன், போதுமா?" என்றான்.

"ஃபைல் உன்கிட்ட இருக்குதே. அவரு வீட்ல உக்காந்து காட்டுடான்னா காட்டமாட்டியா?"

டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு, "அவரு வீட்ல துன்றேன், அவரு வீட்ல தூங்குறேன். கேட்டா இன்னான்னு சொல்றது? நேத்தே கேட்டாரு, முழுசா பிரிண்ட் எடுத்துக் குடுன்னு. பழசு எல்லாம் பாக்க முடியுமாமேன்னும் கேட்டாரு" என்றான். என்னிடம் அவன் பேசிய ஒரே உண்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்படின்னா உரிமைய என் பேருக்கு மாத்திக் குடு. நான் பூட்டி வச்சிக்கிறேன். சாரு மட்டும் பாக்கட்டும்."

சிரித்தான். "குடுத்துட்டா? நீ நேரா சார்கிட்ட போய், இவன் வெட்டி ஒட்டினான் பாருங்கன்னு காட்டுவ. எனக்கு முட்டை. அழிக்கிறதுன்னா சொல்லு, இப்பவே அழிக்கலாம். மாத்தியெல்லாம் தரமாட்டேன்."

அழித்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமே இல்லை. ஹிஸ்டரி இல்லையென்றால் நாலு பேரும் ஒன்றுதான். அவனுக்கு வேண்டியது அதுதான். அதை நானே வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று, டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சாரைக் கேட்கலாமென்று போன் செய்தேன். ஏதோ கூட்டத்துக்கு வேலூர் போயிருக்கிறார், எடுக்கவில்லை. எழிலுக்குப் போட்டேன். அவளுடைய நாற்பதும் இதில் இருக்கிறதே, கேட்காமல் எப்படிச் செய்வது? "எங்க ஊர்லர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து பன்னெண்டு டேபிள் போட்டேன்டி" என்றாள். அப்புறம் அவளே, "அழிச்சிடு" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் தன் போனை மேஜை மேல் என் பக்கம் தள்ளினான். "நீயே அமுக்கு. அப்புறம் நான் அழிச்சேன்னு நீ ஊர் பூராச் சொல்லக்கூடாது."

பெயர்களை எடுத்துவிட்ட கடைசி வடிவத்தை மட்டும் முழுசாக என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அமுக்கினேன். குப்பைக்குப் போனது. குப்பையையும் திறந்து அமுக்கினேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. அழி. ஐம்பது நாள் வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

எழுந்து வரும்போது, "பில் நான் குடுத்துடறேன்" என்றான். பெருந்தன்மை!

மார்ச் 12

புதிய ஃபைல் என் பெயரில் உருவாக்கினேன். கோவிந்தம்மாள் அக்காவின் சுகரையும் எடுத்துவிட்டேன். இப்போது "சில பெண்கள் தண்ணீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வரி. படிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

கூட்டத்திலிருந்து சார் திரும்பி வந்ததும் பைண்ட் செய்ததை நாலு பேரும் போய்க் கொடுத்தோம். நோன்பு நாள், சாருக்குக் குரல் கம்மியிருந்தது. "பழைய ஃபைல் திறக்கல. புதுசு ஒண்ணு வந்துருக்கு. அதுல மொத்த ரிப்போர்ட்டும் ஒரே நிமிஷத்துல ஷர்மிளாவே எழுதினதா காட்டுது. இன்னா இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயப்பிரகாஷ், "தெரியாம டெலீட் ஆயிடுச்சி சார்" என்றான். அவன் முன்னாலேயே குட்டை உடைத்தால், ஞாபகம் இருக்கிற பெயர்களைக் கோபத்தில் மாமாவிடம் சொல்லிவிடுவான். பேசாமல் நின்றேன். நான்! பேசாமல்! நாளைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுடன் சோளிங்கர் வரைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். வந்ததும் சாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 20, வியாழன்

சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. பெருமாள் சார் கமென்ட் போட்டதிலிருந்து பேக்கரி வரை எல்லாம் சொன்னேன். சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் சொன்னது:

"இத ஜெயப்பிரகாஷ் செவ்வாக்கிழமையே வந்து சொல்லிட்டான்மா."

எனக்குப் புரியவில்லை.

"உங்க முன்னால சொல்ல முடியாம, தெரியாம டெலீட் ஆச்சின்னு சொன்னானாம். அந்தப் பொம்பளைங்க பேரு அதுல இருந்துது, சொந்த மாமாவே கேட்டும் காட்டல, மார்க் போனாலும் பரவால்லன்னு அழிச்சிட்டேன்னு சொன்னான். கண்ணு கலங்கிட்டான்."

"சார், அழிச்சது நான். அவன் போன்ல, என் கையால."

"ஃபைல் யாரு பேர்ல இருந்துச்சி?"

"அவன் பேர்ல."

"அப்ப அவன் அழிக்காம வேற யாரும்மா அழிக்க முடியும்?"

விரல் என்னுடையது, பெயர் அவனுடையது. எழிலும் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறாள். "நீ அங்க இருந்தியா?" என்று கேட்டாராம். "இல்ல சார், போன்ல" என்றாளாம். "நீங்க ரெண்டு பேரும் தோஸ்த்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் எழுதியதை வெட்டி ஒட்டினான், பொறுத்துக்கொண்டேன். நான் அழித்ததையும் வெட்டி ஒட்டிக்கொண்டானே! ஒருத்தி கஷ்டப்பட்டுச் செய்தது, கஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தது, இரண்டுமே இவனுக்குச் சாப்பாடா? நீ மனுஷனாடா?

ஒரு வழி இருக்கிறது. அம்மாவையும் கோவிந்தம்மாள் அக்காவையும் கல்லூரிக்கு அழைத்து வந்து சார் முன்னால் நிறுத்தலாம். இந்தப் பெண் எங்களுக்காகத்தான் அழித்தாள் என்று சொல்லச் சொல்லலாம். அவர்கள் வருவார்கள். வந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு பெயர், டோக்கன் நம்பர், லைன் என்று ஆரம்பிப்பார்கள். ஜெயப்பிரகாஷ் பக்கத்து வகுப்பில் உட்கார்ந்திருப்பான்.

அழைக்கமாட்டேன்.

மார்ச் 24

அம்மா சொன்னாள்: பெருமாள் சார் இன்று லைன் லைனாக வந்து, "காலேஜ் பொண்ணுங்ககிட்ட பேசினது யாரு? சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். மிஷின் சத்தத்தில் யாருக்கும் காது கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 9, புதன்

தனிப்பட்ட பங்களிப்பு, நாற்பதுக்கு: எனக்கு 24, எழிலரசிக்கு 24, கௌதமுக்கு 24, ஜெயப்பிரகாஷுக்கு 24. சமமாகப் போட்டுவிட்டார். கௌதம் எல்லாருக்கும் சமோசா வாங்கித் தந்தான். பாவம், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அதுவும் ஒரு கொடுப்பினைதான்.

ஏப்ரல் 15

கடிதம் ஜெயப்பிரகாஷுக்கு. "நேர்மைக்காகத் தன் மதிப்பெண்ணை இழக்கத் துணிந்த மாணவர்" என்று சார் எழுதியிருக்கிறாராம். அவனே படம் எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டிருக்கிறான். நான் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். சார் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். பார்த்ததைத்தானே எழுதினார்? ஆனாலும் கோபம் வருகிறது. வரட்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மன்னிக்க வேண்டும் என்று சாமியார் ஒரு மணி நேரம் பேசினார். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, 'முடியாது' என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 29

திருப்பத்தூரில் இடம் கிடைத்திருக்கிறது, எம்.ஏ. அங்கே கடிதம் கேட்கவில்லை. சென்னை இல்லை. பஸ்ஸில் போய் வரலாம்.

ஜூன் 14, சனி

அம்மா வேலை முடிந்து வந்து கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு லட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

"ஏதும்மா?"

"கம்பெனில குடுத்தாங்க. எல்லா லைனுக்கும். பெருமாள் சாரு அக்கா புள்ளைக்கு மெட்ராஸ்ல எம்.ஏ. சீட்டு கெடச்சிதாம். அவரே தட்டத் தூக்கிக்கினு வந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு."

எழுந்து அதை வாசலில் வீசப் போனேன். கையில் எடுத்தும்விட்டேன்.

"என்னுத நான் பஸ்லயே துன்ட்டேன். இது கோவிந்தம்மாது" என்றாள் அம்மா. "அதான் சுகராச்சே, துன்ன முடியாது. உங்க பொண்ணும் படிக்குதில்ல, அதுக்குக் குடுங்கன்னு குடுத்துச்சி."

"இன்னும் நாலாவது லைன்லதான் இருக்காங்களா?"

"வேற எங்க போவும்? அங்கதான் கீது."

அம்மா புடவை மாற்ற உள்ளே போனாள். நான் நின்றபடியே அதைத் தின்றேன். முழுசும் தின்றேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.